யூஷியா அக்காவும் போட்டி அறிவிப்புகளும்

ஜூடோங் சந்தைத் தெருவில் என் மருந்துக்கடைக்கு அடுத்தது பெங் யூஷியா அக்காவின் முடி அலங்காரக் கடை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவர் ஒரு புத்தகம் போட்டார். தலையில் சாயம் ஊறும் நேரத்தில் பெண்கள் சொன்ன கதைகளை, பெயரை மாற்றி எழுதியது. பதிப்பகங்கள் பதிலே போடாததால் சொந்தச் செலவில் அச்சடித்தார். கடைக்கு வந்தவர்கள் அட்டையைத் தடவிப் பார்த்து, "அடேயப்பா, நீயா எழுதினே?" என்று வியந்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

புத்தகப் பெட்டிகள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. கணவர் அவென் குழாய் வேலை செய்பவர். "காலை நீட்டினா இலக்கியம் முட்டியில இடிக்குது" என்றார்.

அக்கா என்னிடம் வந்து சொன்னார்: "பரிசு ஒண்ணு வாங்கிட்டா ஜனம் படிக்கும், சூஜென். நான் போட்டி தேடப் போறேன்."

எங்கள் தீவில் போட்டிக்கா பஞ்சம்? மாவட்டத்துக்கு ஒரு பரிசு. அது போக நூலகம், கோயில், மருத்துவமனை என்று ஆளாளுக்கு நடத்துவார்கள். அக்கா அறிவிப்புகளைப் பிரதி எடுத்துக் கண்ணாடியின் ஓரமெல்லாம் ஒட்டினார். முகம் பார்க்கக் கொஞ்சம்தான் இடம் மிஞ்சியது. முதலில் அனுப்பிய கதை படிக்கப்படாமலே தள்ளுபடியானது. எழுதியவர் பெயர் கதையில் எங்கும் இருக்கக் கூடாது என்பது விதி. அக்கா ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தன் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தார்.

"பெத்த பிள்ளைக்குப் பேர் வைக்கக் கூடாதாமா?" என்று ஒரு வாரம் புலம்பினார். அதன் பிறகு விதிகளை வரிவரியாகப் படித்தார்.

அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் கூ மிங்தாங் எங்களோடு சேர்ந்தார். ஜல்லி லாரி ஓட்டுபவர், நாற்பது வயது. முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர் ஓர் அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதுக்கெல்லாம் லாரி ஓட்டறவன் அனுப்பலாமா?"

"லாரி ஓட்டக் கூடாதுன்னு விதியில எங்கயும் போடலையே."

லாரி வரிசையில் காத்து நிற்கும்போது அவர் கைபேசியில் கதை எழுதி வைத்திருந்தார். மனைவிக்குக்கூடக் காட்டியதில்லையாம். அன்றைக்கு அக்காவுக்குக் காட்டினார்.

இருவரும் 'பொற்பேனா' என்ற ஒரு போட்டிக்கு அனுப்பினார்கள். அக்காவின் கதைக்குச் சிறப்புத் தேர்வு என்று கடிதம் வந்தது. உடனே கேக் வாங்கி வந்து என்னையும் கூப்பிட்டார். வெட்டிக்கொண்டிருக்கும்போதே மிங்தாங் ஓடி வந்தார்.

"அக்கா, எனக்கும் சிறப்புத் தேர்வு!"

கட்டிப்பிடித்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். கேக்கை வாயில் வைத்த மிங்தாங் திடீரென்று நிறுத்தினார்.

"ஆனா ஒரு சந்தேகம். நான் பாதிக் கதையைத்தான் அனுப்பினேன். மீதியை இணைக்க மறந்துட்டேன்."

அக்கா கடிதத்தை மறுபடி எடுத்துக் கடைசி வரை படித்தார். பரிசைப் பெற வேண்டுமானால் தொகுப்பு நூலில் முப்பது பிரதிகளை நாமே வாங்க வேண்டும் என்றிருந்தது.

"படிக்கவே இல்லடா அவங்க" என்றார், விரலில் ஒட்டிய கிரீமைத் துடைத்தபடி. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு எந்தப் போட்டியானாலும் நடுவர் யார், போன வருடம் யார் வென்றார்கள், காசு கேட்கிறார்களா என்று துருவிப் பார்த்துத்தான் கண்ணாடியில் ஒட்டுவார். எழுத ஆசைப்படும் இன்னும் சிலர் தொலைபேசியில் அவரிடம் விசாரிக்கத் தொடங்கினார்கள். ஒரு கையில் சாயத் தூரிகையோடு பதில் சொல்வார்.

மாவட்டத்தில் இலவசமாக எழுத்துப் பயிற்சி வகுப்பு நடத்தப்போகிறார்கள் என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு; மாதிரிக் கதையைப் பார்த்துச் சிலரை மட்டும் எடுப்பார்கள். மிங்தாங்கை வற்புறுத்தி அனுப்ப வைத்தார், தானும் அனுப்பினார். மிங்தாங்குக்கு இடம் கிடைத்தது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த முறை மிங்தாங்குக்கு முடி வெட்டியபோது அக்காவின் கத்தரிக்கோல் காதோரம் படபடவென்று பாய்ந்தது.

"என் காது பத்திரமா இருக்குமா, அக்கா?"

"உன் காது எனக்கெதுக்கு? அதான் வாரவாரம் வகுப்பு கேக்கப் போகுதே."

முதல் வகுப்பு நடந்த ஞாயிறு மாலை மிங்தாங் நேராகக் கடைக்கு வந்தார். "ஆசிரியர் சொன்னதெல்லாம் மறக்கறதுக்குள்ள சொல்லிடறேன்" என்றார். அக்கா தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை. மிங்தாங்கோ தலை கழுவும் நாற்காலியில் உட்கார்ந்து, ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுவது வரைக்கும் நடித்துக் காட்டினார். கடைசியில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்களுக்கும் ஞாயிறுதோறும் வகுப்பு நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுதியதை உரக்கப் படிக்க வேண்டும் என்பது பாடம். அக்கா தன் மாமியார் கதையைப் படித்தார். படுக்கையில் விழுந்த மாமியாருக்குக் கடைசி வரை தலை கழுவிவிட்ட கதை. அதில் மாமியார் சொல்கிறார்: "மருமகளே, உன் கரங்களின் மென்மைக்கு நான் நன்றி உரைக்கிறேன்."

மிங்தாங் கையைத் தூக்கினார். "உங்க மாமியார் இப்படியா பேசினாங்க?"

"சீச்சீ. 'மெதுவாடி, தலையைப் பிடுங்கிக் கையோட கொண்டுபோயிடுவே போலிருக்கே'ன்னு கத்துவாங்க."

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அக்கா மட்டும் காகிதத்தைப் பார்த்தபடி இருந்தார். மாமியார் வாயைத் திறந்தால் ஹக்காதான், எங்கள் பக்கத்து வீடுகளில் பேசும் மொழி. கதையில் இருந்தது பள்ளிக்கூடத்துச் சீனம்.

"ஹக்காவில எனக்கு எழுதத் தெரியாதே, சூஜென். பிறந்ததிலிருந்து பேசற மொழி, ஒரு வரி எழுதத் தெரியல."

அதற்கும் வகுப்பு இருக்கிறதா என்று அவரே தேடினார். நூலகத்தில் திங்கள்தோறும் ஹக்கா எழுத்து வகுப்பு இருந்தது. கடைக்கும் அன்றுதான் விடுமுறை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாயில் வரும் சொல்லுக்கு எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கற்றார். வீட்டில் அவெனைப் பேச வைத்து எழுதிப் பழகினார். "திட்டினாக்கூட மெதுவா திட்டச் சொல்றா" என்று அவர் என்னிடம் முறையிட்டார்.

குளிர்காலம் முழுவதும் மாமியார் கதையைத் திரும்ப எழுதினார். ஹக்கா கதைகளுக்கென்று நடந்த ஒரு போட்டிக்கு அதை அனுப்பினார். மிங்தாங்கும் அனுப்பினார். அக்காவுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. மிங்தாங்குக்கு ஒன்றுமில்லை.

விழாவுக்கு அவெனும் சேர்ந்து நால்வருமாகப் பேருந்தில் போனோம். மேடையில் ஒரு பக்கம் படிக்கச் சொன்னார்கள். அக்கா முதலில் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் படித்தார். மாமியார் கத்தும் இடம் வந்ததும் அவர் அங்கேயும் கத்தியே விட்டார். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. தன் தாயின் குரலைக் கேட்ட அவென் சிரிக்கவில்லை, குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீழே இறங்கியதும் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டிலயும் இதே கூத்துதான், அக்கா. உங்க புத்தகம் எங்க கிடைக்கும்?" அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் முகவரியைக்கூட அவரால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை, நான்தான் சொன்னேன்.

திரும்பி வரும் வழியில் மிங்தாங் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்கச் சிரித்துக் கைதட்டியவர் பேருந்து கிளம்பியதும் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். அக்கா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னொரு போட்டி இருக்கு. நடுவர்களை விசாரிச்சுட்டேன், நல்லவங்க. விதியைச் சொல்லட்டுமா?"

"இன்னைக்கு வேணாம், அக்கா. இன்னைக்குக் கொஞ்சம் வலிக்குது."

"சரி" என்றார் அக்கா. ஊர் வந்து சேரும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் மிங்தாங் கடைக்கு வந்து, முடி வெட்ட உட்காரும் முன்பே, "எங்கே அந்த விதி, படிங்க" என்றார்.