ரெக்ஸ் டிரெகென்ஸாவின் முட்டி

எங்கள் கோதுமைச் சீமையில் குழந்தை நடக்கத் தொடங்கியதுமே காலடியில், கையால் பிடித்துக் காலால் உதைத்து ஆடும் ஒரு நீள்பந்தைப் போட்டுவிடுவார்கள். ரெக்ஸுக்குக் கால்கள் நெட்டை. கொக்கு என்றுதான் கூப்பிடுவோம். எதிராளியின் தோளில் முட்டியை ஊன்றி எழும்பி, பந்தை அந்தரத்திலேயே பிடித்துவிடுவான்; எங்கள் ஆட்டத்தில் அதற்குத் தடையில்லை. நடுக்களத்திலிருந்து நான் கோணல்மாணலாக உதைத்து அனுப்பியதைக்கூட எட்டிப் பிடித்து கோலாக்கினான். எனக்கு நல்ல ஆட்டக்காரன் என்று பேர் வந்ததே அவனால்தான்.

இருபது வயதில் மெல்போர்னின் பெரிய அணி ஒன்று அவனை அழைத்துக்கொண்டது. மூன்றாம் வருஷம் லீக்கிலேயே அதிக கோல் அவனுடையது. அதற்கு அடுத்த குளிர்காலத்தில், எதிரணித் தடுப்பாட்டக்காரன் டூகல் ஸ்ட்ரான் சேற்றில் வழுக்கி அவன்மேல் விழுந்தான். ரெக்ஸின் முட்டி பிய்ந்துபோயிற்று.

ஊன்றுகோலோடு ஊர் திரும்பினான். அவன் அப்பா அந்த வருஷம்தான் தவறியிருந்தார். கோதுமை முற்றி நின்றது. நாங்களோ அவரவர் அறுவடையில் மூழ்கிக் கிடந்தோம். அவன் அம்மாதான் தனியாக இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் டிசம்பர்தான் கோடை; அந்த வெயிலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. இறங்கியவன் ஸ்ட்ரான். ஆட்டமில்லாத நாளில் நகரத்துக் கசாப்புக் கடைக்காரன். கோதுமை வயலை ரயில் ஜன்னலில் பார்த்ததோடு சரி.

“என்னடா, இன்னொரு முட்டியையும் ஒடைக்க வந்தியா?” என்றான் ரெக்ஸ்.

“ஒடைச்சவன்தானே மூட்டை தூக்கணும்? சாக்கு தைக்கிற ஊசிய எடு.”

“இதுக்கு முன்னாடி தைச்சிருக்கியா தம்பி?” என்று அம்மா கேட்டாள்.

“மாட்டைக் கட்டிப் பழக்கம்மா. சாக்கு ஒதைக்காதுல்ல?”

கையெல்லாம் கொப்புளம். ஆனாலும் போகவில்லை. சேதி பரவியதும் எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் அணியில் பாதிப்பேர் அங்கே போய் நின்றோம். கிறிஸ்துமஸுக்குள் கடைசி மூட்டையும் ரயிலடி சேர்ந்தது. அன்று அம்மா சுட்ட ஆட்டுக்கறி தட்டில் இருக்க, ஸ்ட்ரான் முள்கரண்டியைப் பிடித்தபடியே தூங்கிப்போனான்.

ஒரு ஆட்டப் பருவம் விட்டு ரெக்ஸ் மறுபடி மெல்போர்ன் அணிக்காகக் களமிறங்கினான். முன்போல எழும்ப முடியாது. அதனால் தடுப்பவனை ஏமாற்றி முன்னால் ஓடி, பந்தை மார்பில் வாங்கப் பழகியிருந்தான். முதல் ஆட்டத்திலேயே அவனைக் காவல் காக்க வந்தவன் ஸ்ட்ரான்.

“பாத்து விழுடா கொக்கு. இன்னொரு வருஷம் சாக்கு தைக்க என் முதுகு தாங்காது.”

ரெக்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தபடியே ஓடி பந்தை வாங்கி கோல் அடித்தான். ஸ்ட்ரான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மறுவருஷம் ரெக்ஸின் அணி கோப்பையை வென்றது. முப்பத்திரண்டு வயதுவரை ஆடிவிட்டுத் தன் வயலுக்கே திரும்பினான்.

பிறகு மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. பையன்கள் வேலை தேடிப் போய்விட, எங்கள் ஊர் அணியை மூடிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. ரெக்ஸுக்கு நாற்பது தாண்டியிருந்தது.

“ஒரு ஆளுதானே கொறையுது? நான் ஆடுறேன்.”

“டேய், ஒன்னால டிராக்டர்லயே ஏற முடியல!” என்றேன்.

“டிராக்டர் கீழ எறங்கி வராது. பந்து வரும்ல?”

இரண்டு குளிர்காலம் ஆடினான். அவன் அடித்தது ஒன்றிரண்டு கோல்தான். ஒவ்வொன்றுக்கும் மைதானத்தைச் சுற்றி நின்ற கார்கள் எல்லாம் ஒன்றாக ஹாரன் அடித்தன. அவன் கூச்சத்தோடு கையை ஆட்டினான். மூன்றாம் வருஷம் மழை பெய்தது, பையன்கள் திரும்பினார்கள். இன்றும் சனிக்கிழமைதோறும் எங்கள் ஊரில் ஆட்டம் நடக்கிறது.