சுவரைப் பார்த்த நாற்காலி

எங்கள் அத்தான் நகரசபை மண்டபத்துச் சேவகர். நாற்காலி போடுவது, மணி அடிப்பது, ஓட்டு எண்ணுவது எல்லாம் அவர்தான். அவர் வேலைக்குச் சேருவதற்கு முந்தின காலத்தில் தலைவரை மேலிடமே நியமிக்கும். சொந்த வீடு உள்ளவனுக்கு மட்டும்தான் ஓட்டு. பிறகு வார்டுகள் பிரிந்தன, எல்லோருக்கும் ஓட்டு வந்தது, கடைசியில் சில வார்டுகளைப் பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள். ஆற்றங்கரையில் இருந்த எங்கள் தெருவும் அதில் வந்தது. நின்று ஜெயித்தவள் என் அக்கா, அத்தானின் மனைவி.

"பேருக்குத்தான் பொண்டாட்டி, ஆட்டி வைக்கிறது புருஷன்" என்று ஊர் பேசியது. பேசியவர்களுக்கு ஏமாற்றம்தான். ஓட்டுக் கணக்குச் சொல்வதைத் தவிர மண்டபத்துக்குள் சேவகர் வாயைத் திறக்கக் கூடாது. அக்கா வந்தால் வாசலில் எழுந்து நின்று, "வாங்க உறுப்பினர் அம்மா" என்பார், அவ்வளவுதான். வீட்டிலும் அதே கதைதான் என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்தச் சபையில் இரண்டு பழைய வழக்கங்கள். விளக்கு வெளிச்சத்தில் கூட்டம் நடந்த நாளில் சிலர் இரண்டு கையையும் தூக்கி ஏமாற்றினார்களாம். அதனால் கை தூக்கியவரின் தோளைப் பின்னாலிருந்து தொட்டுத்தான் சேவகர் எண்ண வேண்டும். அவர் சொன்னால் சொன்னதுதான். மற்றது, உறுப்பினர் யாராவது இறந்தால் புது ஆள் வரும்வரை அவர் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பது.

அக்கா பதவியில் இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த தேர்தலுக்குள் எல்லையை மாற்றி எங்கள் வார்டைப் பக்கத்து வார்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் நாற்காலியை எடுக்க யாரும் தீர்மானம் போடவில்லை. தீர்மானம் இல்லாமல் அங்கே ஒரு துரும்பும் நகராது. அது வருஷக்கணக்கில் சுவரைப் பார்த்தே கிடந்தது.

பிறகு எங்கள் தெருவைக் காலி செய்துவிட்டுக் கரையை உயர்த்தும் திட்டம் வந்தது. அக்கா வாழ்ந்த வீடு என்பதால் அத்தானுக்கு அந்த வீடு உயிர். எனக்கும் பக்கத்து வீடுதான். சபையில் இரண்டு பக்கமும் சரிசமம், சமமானால் தீர்மானம் தோற்றுவிடும் என்பதால் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த வாரம் நாற்காலி அடங்கவில்லை. காலையில் சுவர் பக்கம் திருப்பி வைத்தால் மதியம் சபையைப் பார்த்து நிற்கும். மண்டபச் சாவியோ அத்தானின் இடுப்பில்.

"யாராவது விளையாடியிருப்பாங்க அத்தான்."

"பூட்டின கதவுக்குள்ளயா?" என்றவர் முகத்தில் ஈயாடவில்லை.

கூட்டத்தன்று நான் பார்வையாளர் பெஞ்சில் இருந்தேன். நாற்காலி எல்லோரையும் பார்த்தபடி இருந்தது. "காலி பண்ணலாங்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர். அத்தான் தோள்களைத் தொட்டுக்கொண்டே வந்து, ஆளில்லாத அந்த நாற்காலியின் பின்னால் நின்றார். அவர் கை அதன் சாய்மானத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. விரல்கள் எதையோ பிடித்ததுபோல் வளைந்திருந்தன.

எதிர்த்தவர்களையும் எண்ணிவிட்டு வந்து, "காலி பண்ணச் சொல்றவங்க ஒரு ஓட்டு அதிகங்க" என்றார்.

தலைவர் நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "யாருய்யா அந்த ஒண்ணு?"

"தொட்டுத்தாங்க எண்ணினேன்."

யாரும் மறுக்கவில்லை. சொந்த வீட்டை இடிப்பதற்கு எவன் பொய்க்கணக்குச் சொல்வான்?

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "புத்தி கெட்டுப் போச்சா? நம்ம தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

"உங்க அக்காதாம்மா அது. அந்தத் தோள் எனக்குத் தெரியாதா? சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு."

காய்ச்சலில் செத்தவள் ஏன் நனைந்திருக்க வேண்டும்?

திட்டிக்கொண்டேதான் சாமான்களை வண்டியில் ஏற்றினேன். தெரு காலியான பிறகு பெய்த மழையில், பட்டப்பகலில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. எங்கள் வாசற்படிகூட மிஞ்சவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்த நாற்காலி, யாரும் திருப்பாமலே, சுவரைப் பார்த்திருந்தது. ஏதோ தெருவிளக்குக்கான ஓட்டு. அத்தான் தோள்களைத் தொட்டபடி வந்து அங்கே நின்று கையை நீட்டினார். கை நேராக இறங்கி மரத்தில் பட்டது. மறுபடி நீட்டினார். மறுபடியும் மரம்தான். வாயைத் திறக்கக் கூடாத அந்த மண்டபத்தில், "உறுப்பினர் அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு, சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதார்.