எண்பத்து நாலு பை மூணு

எழுபதுகளின் கடைசியில் செங்கல்பட்டில் நிலப் பத்திரங்கள் வைக்கிற ஓர் ஆபீஸில் பியூனாக இருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ரெக்கார்டு ரூமில், மேலே கட்டிய எண் அட்டையைப் பார்த்துப் பத்திரக் கட்டை எடுத்துத் தருவேன். அவ்வளவுதான்.

மெட்ராஸில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். எங்கள் கட்டுகளின் பெயரெல்லாம், அதாவது ஊரும் நில எண்ணும், அதில் ஏற வேண்டும். அனுப்பிய பட்டியலில் பாதி திரும்பி வந்தது. பெயருக்கு நடுவில் சாய்ந்த கோடு இருந்தால் மெஷின் வாங்காதாம். எங்களுக்கோ பங்கு பிரித்த நிலமெல்லாம் கோடு போட்டதுதான். 84/1, 84/2 என்று போகும். வாயால் சொல்லும்போது ‘பை’ என்போம்.

“கோட்ட எடுத்துட்டு வேற அட்டை கட்டுய்யா,” என்றார் கிளார்க்.

கட்டினேன். திருவிடந்தை 84/3, 843 ஆனது. அதே ஊரில் 843 என்று ஒரு தோப்பு ஏற்கெனவே இருந்தது.

“ரெண்டு கட்டு ஒரே பேர்ல வருது சார்.”

“ரெண்டு தபா கட்டிருப்பான். ஒண்ணக் கழிச்சுடு.”

கனமானதை வைத்துக்கொண்டேன். மெலிந்தது கழிவுக் காகிதத்தோடு லாரியில் போனது. பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து மீன் விற்கிற பெண் ஒருத்தி வந்தாள். காலிக் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டாள்.

“அண்ணாத்த, எண்பத்து நாலு பை மூணு. என் வூட்டு மனை. மூணு மணிக்குத் தாசில்தாராண்ட விசாரணை. பக்கத்து வூட்டான் அவன்துன்றான்.”

லாரியில் போனது அதுதான் என்று தெரிந்தும் அரைமணி நேரம் தேடினேன்.

“லிஸ்ட்ல இல்லாதது நம்மகிட்ட இல்ல,” என்றார் கிளார்க், தலை நிமிராமல்.

“அந்த மிஷினாண்ட கேளேன்,” என்றாள் அவள்.

“அதாண்டயும் இல்லம்மா,” என்றேன்.

“அப்ப யாராண்டதான் கீது?”

கழற்றிய பழைய அட்டைகளை, அவற்றின் கயிறு உதவுமென்று கம்பியில் கோத்து வைத்திருந்தேன். அதில் 84/3 இருந்தது. அவள் புருஷன் பெயரும் இருந்தது. செத்துப் போனவர். கொடுத்தேன்.

“இதான் கட்டா?”

“மேல் அட்டைம்மா. உள்ள இருந்தது போயிடுச்சு.”

“இத்தயாவது காட்றேன்.”

நாலு மணிக்குத் திரும்பி வந்தாள். அட்டையை என் மேஜையில் வைத்தாள்.

“உள்ள இன்னா எழுதி இருந்துச்சுன்னு கேட்டாரு. எனக்கு இன்னா தெரியும்? மனை அவனுக்குன்ட்டாரு.”

கழித்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

“டீ சாப்புட்றியாம்மா?”

“வேணா அண்ணாத்த. பஸ்ஸு பூடும்.”

கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அட்டையை மறுபடி கம்பியில் மாட்டினேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.