முள் சிவப்பைத் தொட்ட காலை

பதினோரு வருடமாகப் புதுச்சேரியில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறேன். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியதும் வீட்டில் ஆளுக்கொரு வேலை தேடிக்கொண்டோம். கடல் எனக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் பழக்கமானது. அதனாலோ என்னவோ, அலையைவிட இன்ஜினைத்தான் அதிகம் கவனிப்பேன். எங்கள் படகில் இன்ஜின் நடுவில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. படகின் அடியில் உள்ள துளை வழியாகக் கடல் தண்ணீரை இழுத்து, அதில் தன் சூட்டை இறக்கி, பின்குழாய் வழியாகத் துப்பிவிடும். ஓட்டும்போது என் கண் ஓயாமல் போகிற இடங்கள் இரண்டு. முன்னால் வெப்ப மீட்டரின் முள், பின்னால் அந்தத் தண்ணீர்.

பெருமழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியூரிலிருந்து வந்த ஆறு பேர் ஏறினார்கள். குடித்திருந்தார்கள். ஏற்றியிருக்கக் கூடாது, ஏற்றிவிட்டேன். என்னோடு இருந்தது மச்சான், என் மனைவியின் தம்பி. கயிறு, நங்கூரம், லைஃப் ஜாக்கெட் எல்லாம் அவன் பொறுப்பு.

முகத்துவாரத்தில் வெள்ளம் அடித்து வந்த குப்பை மிதந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், எப்போதும் எண்பதில் நிற்கும் முள் எண்பத்தெட்டுக்கு ஏறியது. திரும்பிப் பார்த்தேன். பின்குழாயில் தண்ணீர் இல்லை, வெறும் ஆவி. உடனே வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன்.

“ஏன் நிறுத்துற?” என்றான் நீலச் சட்டை போட்டவன். அந்தக் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன்போல இருந்தான்.

“சூடு ஏறுது சார். அடியில ஏதோ அடைச்சிக்கிச்சி. நங்கூரம் போட்டுப் பாத்துட்டுப் போயிடலாம். அரை மணி நேரம்தான்.”

“டால்பின் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்து நாடகமாடா ஆடுற?”

சொல்லி முடிப்பதற்குள் அறைந்தான். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. இன்னொருவன் பின்னாலிருந்து என் கழுத்தை வளைத்துப் பிடித்துக்கொண்டான். நீலச் சட்டை கியரைப் போட்டு, வேகக் கைப்பிடியை ஒரே தள்ளாகத் தள்ளினான். இன்ஜின் கதறியது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் எச்சரிக்கை மணி காதைக் கிழித்தது. இன்னும் இரண்டு நிமிடம் அப்படி ஓடினால் இன்ஜின் உள்ளே இறுகிப்போகும். காற்றோ கரைப்பக்கம் அடித்தது. இன்ஜின் செத்தால் நாங்கள் போய் மோதுமிடம் துறைமுகத்தின் கருங்கல் தடுப்பு.

பிடித்திருந்தவன் கையைக் கடித்தேன். அவன் அலறிப் பிடியை விட்டதும் பாய்ந்து இன்ஜினை நிறுத்திச் சாவியை உருவினேன். என் விலாவில் ஒரு உதை விழுந்தது. கீழே கிடந்தபோது இன்னொன்று. உள்ளே ஏதோ மளுக்கென்றது எனக்கே கேட்டது. நங்கூரத்தை இறக்கிவிட்டு ஓடி வந்த மச்சான், கொக்கித் தடியால் ஒருவன் தோளில் போட்டான். மச்சானை மூன்று பேர் மடக்கி முகத்திலேயே குத்தினார்கள். படகு ஆட ஆட, அடித்தவர்களும் எங்கள் மேலேயே விழுந்து எழுந்தார்கள். அவர்களிலேயே கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும், “வேணாம்டா, விடுங்கடா” என்று அழுதுகொண்டே இருந்தார்.

“சாவியக் குடு.”

“குடுக்க மாட்டேன் சார். கொன்னாலும் குடுக்க மாட்டேன்.”

நீலச் சட்டை என்னை விட்டுவிட்டு இன்ஜின் பெட்டியைத் திறந்தான். “கார் மாதிரிதானே? தண்ணி ஊத்துனா சரியாயிடும்.” கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும் சூட்டுத் தண்ணீர் இருக்கும் தொட்டியின் மூடியைப் பிடித்தான்.

“தொறக்காத சார்! மேல அடிக்கும்!” என்று கத்தினேன்.

கத்தினேன், அவ்வளவுதான். அவன் எனக்கு ஒரு கை தூரத்தில் குனிந்திருந்தான். என்னை யாரும் பிடித்திருக்கவில்லை.

மூடி பறந்தது. கொதிநீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. அவன் போட்ட சத்தத்தில் எல்லாக் கைகளும் நின்றுபோயின. முழங்கை முதல் கழுத்து வரை தோல் நனைந்த காகிதம்போல் சுருண்டது. அந்த ஒரு நொடி என் வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

பிறகு குடிநீர்க் கேனைத் தூக்கி அவன்மேல் ஊற்றச் சொன்னேன். கண்ணாடிக்காரர் விடாமல் ஊற்றினார். தண்ணீர் இழுக்கும் குழாயில் இருந்த வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் அடைப்பு படகுக்கு வெளியே. சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கத்தியோடு கடலில் இறங்கினேன்.

என்னை அடித்தவர்கள் மேலே, நான் அடியில். ஒவ்வொரு அலைக்கும் படகு தூக்கி என் தலையில் இறங்கியது. மூச்சை இழுத்தால் விலா குத்தியது. நான்காவது முறை மூழ்கியபோது கைக்குக் கிடைத்தது துளைக்குள் பாதி நுழைந்திருந்த பிளாஸ்டிக் சாக்கு. அறுத்து இழுத்தேன். மேலே வர முடியாமல் தொங்கியபோது, என்னை உதைத்தவனே கை கொடுத்துத் தூக்கினான்.

சூடு இறங்கும் வரை காத்திருந்தோம். நீலச் சட்டையின் முனகலைக் கேட்டுக்கொண்டு அப்படி உட்கார்ந்திருந்ததுதான் அன்று எல்லாவற்றையும்விடக் கொடுமை. “இப்பவே எடுங்க” என்று கண்ணாடிக்காரர் கும்பிட்டார். “இப்ப எடுத்தா நடுக்கடல்ல நின்னுடும் சார்” என்றேன். பிறகு தொட்டியில் மீதிக் குடிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி இன்ஜினை எடுத்தேன். பின்குழாய் துப்பியது. முள்ளை எண்பதிலேயே வைத்து மெதுவாகக் கரைக்கு வந்தோம்.

இரண்டு பக்கமும் புகார் எழுதினார்கள், இரண்டு பக்கமும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நான்கு நாள் கழித்து விலா எக்ஸ்ரேவுக்குக் கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் உட்கார்ந்த பெஞ்சிலேயே அந்த நீலச் சட்டைக்காரன், கட்டுப் போட்ட கையோடு. நடுவில் அவன் மனைவி. என்னைத் தெரியாமல் பேச்சுக் கொடுத்தார்.

“போட்டுக்காரன் ஒரு வார்த்தை சொல்லலியாம்ங்க, மூடியத் தொறக்காதன்னு.”

“சொன்னேம்மா. நான்தான் அந்த போட்டுக்காரன்.”

அவர் என் உதட்டுத் தையலைப் பார்த்தார். கணவன் பக்கம் திரும்பினார். “சொன்னாரா?”

“சொன்னாரு,” என்றான் தரையைப் பார்த்து.

“இவர அடிச்சியா?”

அவன் கட்டுப் போட்ட கையை மடியோடு அணைத்துக்கொண்டான். அவர் எழுந்து போய் எதிர்ப்பக்கச் சுவரோரம் நின்றுகொண்டார். நான் உன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

விலா எலும்பு கூடிவர ஆறு வாரம் ஆனது. மறுபடி படகு ஏறிய பிறகு ஒருநாள், அவனிடம் சொல்லாமல் விட்டதை மச்சானிடம் சொன்னேன். கயிறு சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

“நானும் பாத்துக்கினுதான் மாமா இருந்தேன். நான் கத்தக்கூட இல்ல,” என்றான்.