முதுகில் ஒட்டிய பொட்டுகள்

யுத்தம் முடிந்த வருடம் நடந்தது இது. கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ஆறு மாதக் கர்ப்பிணியாகப் பெண்கள் வாட்டில் கிடந்தேன். சுனாமியில் மதில் சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து எனக்கு வலிதான். வயிறு பெருக்கப் பெருக்க வலியும் கூடி, குனியவே பயமாகிவிட்டது. எலும்பு விலகியிருக்கும், பிள்ளை பெற்றால் நடக்கமாட்டாய் என்று சொந்தக்காரர் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

வயிற்றில் பிள்ளை இருப்பதால் எக்ஸ்ரே வேண்டாம் என்றார் டொக்டர். கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கொழும்புக்கு அனுப்பினார். எலும்பிலும் நரம்பிலும் பழுதில்லை என்று வந்தது. ஆனால் அது அசையாமல் படுத்தபடி எடுத்த படம். குனிந்து நிமிரும்போது முதுகு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, பிசியோதெரபி மிஸ் கமராவோடு வந்தார். திரையை இழுத்துவிட்டு, முள்ளந்தண்டு நெடுக பிளாஸ்டர் துண்டுகளை ஒட்டினார். நான் அசைய அவை எப்படி நகர்கின்றன என்று வீடியோவில் பார்ப்பாராம். வெக்கையில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஒட்ட ஒட்டத் துண்டுகள் கழன்று விழுந்தன.

பக்கத்துக் கட்டிலில் பெரியநீலாவணை அக்கா ஒருவர் இருந்தார். மீன்பிடிக் குடும்பம். அவர் தமிழ், நான் முஸ்லிம். அந்த நாட்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாட்டில் கிடந்தாலும் அதிகம் கதைப்பதில்லை. திரைக்கு அப்பாலிருந்து அவர் குரல் கேட்டது.

"மிஸ், என்னட்ட ஒட்டுப்பொட்டு இருக்கு. வேர்வைக்கும் கழராது. தரட்டா?"

மிஸ் என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம், ஒட்டுங்க" என்றேன்.

அக்கா பொட்டு அட்டையோடு திரைக்குள் வந்தார். அட்டையில் இருந்ததெல்லாம் ஒட்டியும் ஓரிடத்துக்குப் பொட்டு போதவில்லை. அக்கா தன் நெற்றிப் பொட்டை உரித்து நீட்டினார். அவர் புருஷன் அன்று கடலுக்குப் போயிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை, வேண்டாம் என்றேன்.

"அவர் கரைக்கு வாறதுக்குள்ள வேற வாங்கி வெச்சிருவன். நீ பயப்படாமக் குனி புள்ள, நான் புடிச்சிக்கிறன்."

அவர் கையைப் பற்றிக்கொண்டு குனிந்தேன், நிமிர்ந்தேன். மிஸ் வீடியோவைக் காட்டினார்.

"மேல இருக்கிற பொட்டெல்லாம் நல்லா நகருது. இடுப்புப் பக்கம் மட்டும் அசையல்ல, பாருங்க. எலும்புல பிழையில்ல. பயத்தில நீங்கதான் இறுக்கிப் புடிக்கிறீங்க."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அழுதேன். மிஸ் காட்டித்தந்த பயிற்சிகளைச் செய்யச் செய்ய வலி குறைந்தது. மகள் சுகமாகப் பிறந்தாள். அவளைக் குனிந்து தூக்கியது நான்தான்.

பதற்றத்தில் அந்த அக்காவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆனாலும், கடலுக்குப் போகும் அவர் புருஷன் ஒவ்வொரு நாளும் பத்திரமாகக் கரை சேரவேண்டும் என்று துஆ கேட்காமல் இன்றுவரை தொழுகையிலிருந்து நான் எழும்புவதில்லை.