கொலுவில் வைத்த மைரா

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் ஓர் அபார்ட்மெண்டில் இருந்தோம். நவராத்திரி வந்தால் அங்கே என் மனைவியின் ஆட்சி. கொலுப் படிகளுக்குக் கீழே தரையில் வைக்கும் பார்க் மட்டும் என் பொறுப்பு.

அந்த வருஷம் வழக்கமான குளமும் வாத்தும் வேண்டாமென்று மைராவைக் கட்டினேன். துருக்கியில், மத்தியதரைக் கடலோரத்துப் பழைய நகரம். கீழே கல் அரங்கு, பின்னால் செங்குத்தான மலை, அதில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குடைந்த கல்லறைகள். நான் போனதில்லை, நூலகத்துப் புத்தகத்தை மூன்று முறை புதுப்பித்த தகுதிதான். மானிட்டர் வந்த பெட்டியின் தெர்மோகோலை ஐந்து வார இறுதிகள் காய்கறிக் கத்தியால் செதுக்கினேன். அந்த ஊர்ச் சிற்பிகள் கல்லறை முகப்பில் மர வீட்டின் உத்தரங்களைக்கூடக் கல்லில் செதுக்கியிருந்தார்கள். நானும் விடவில்லை. காபி டிகாக்‌ஷன் பூசியதும் பாறை நிறம் வந்துவிட்டது. வருகிறவர்களில் ஒருவராவது பார்த்துவிட்டு மைரா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"இந்தப் பொந்தெல்லாம் என்னங்க?" என்றாள் மனைவி.

"கல்லறை."

"கொலுவுலயா? நாலு பேர் வெத்தலை பாக்கு வாங்கிக்க வர்ற வீடுங்க இது."

"வீடு மாதிரிதானே செதுக்கியிருக்காங்க..."

"யார் கேட்டாலும் மகாபலிபுரம்னு சொல்லுங்க. இல்லேன்னா இப்பவே கீழ குப்பை டம்ப்ஸ்டர்ல போட்டுடுவேன்."

ஒப்புக்கொண்டேன். "தட்ஸ் லையிங், அப்பா" என்ற மகளை டிவி பார்க்க அனுப்பினோம்.

எட்டு நாளும் நான் பொய் சொல்லத் தேவையே வரவில்லை. வந்தவர்களே "மகாபலிபுரமா? அழகா இருக்கே" என்று முடித்துவிட்டார்கள். ஒரு பெண்மணி கல்லறைகளுக்கு எதிரே சப்பணமிட்டு அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கீர்த்தனை பாடினார். நான் தலையாட்டித் தாளம் போட்டேன்.

ஒன்பதாம் நாள், ஓய்வு பெற்ற டாக்டர் ஆன்ட்டி ஒருவர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நிமிரவே இல்லை.

"இது மைராதானே? போன வருஷம் க்ரூஸ் கப்பல்ல போனோம். அந்த உத்தரமெல்லாம் அப்படியே பண்ணியிருக்கீங்களே?"

அவருக்குப் பின்னால் மனைவி குங்குமச் சிமிழோடு நின்றாள். அவள் ஆன்ட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"இல்ல ஆன்ட்டி. மகாபலிபுரம்."

ஆன்ட்டி இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியா? அப்போ ஒண்ணுகூட சரியா வரலையேப்பா" என்றபடி சுண்டலை வாங்கிக்கொண்டார்.