பேச்சு வந்தால் மூச்சும் வரும்

தொழிற்சாலை செக்யூரிட்டி ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது என் வேலை. வல்லம் வடகால் தொழிற்பேட்டைப் பக்கம் மாதத்துக்கு நாலு வகுப்பாவது இருக்கும். தீ பிடித்தால் என்ன செய்வது, மயங்கி விழுந்தவரை எப்படிப் படுக்க வைப்பது என்றெல்லாம் சொல்லிவிட்டு, யாரையாவது மடக்கிப் பிடிக்க வேண்டி வந்தால் கழுத்தில் மட்டும் கையைப் போடாதீர்கள் என்று முடிப்பேன். அதுவரை அரைத் தூக்கத்தில் இருக்கும் வகுப்பு அப்போதுதான் விழித்துக்கொள்ளும். யாராவது ஒருவர் எழுந்து, "மேடம், அவன் கத்தறான்னா மூச்சு வருதுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்பார். தவறாமல் கேட்பார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு எரிச்சல் வருமோ தெரியாது. பொறுமையாகப் பதில் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் என்பதால், மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு வாயைத் திறப்பேன்.

அந்த வாதத்தை முதன்முதலாகக் காதால் கேட்டபோது எனக்கு ஒன்பது வயது. சொன்னவர் காக்கி உடுப்பில் இருந்தார். அவருடைய கை என் மாமாவின் கழுத்தைச் சுற்றி இருந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. மண்ணூரில் எங்கள் வீட்டிலேயே தங்கி, கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்குப் போய்வந்தார். மூன்று வருஷமாகக் காண்ட்ராக்ட். அந்த மாதம் பெர்மனென்ட் ஆக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் உண்டு, பெயரில் எந்தக் கேஸும் இருக்கக் கூடாது. வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெருவில் இரண்டு பேர் குரலை உயர்த்தினாலே அம்மா மாமாவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடுவாள். கேஸ் என்பது அம்மை மாதிரி பக்கத்தில் நின்றாலே ஒட்டிக்கொள்ளும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை என் யூனிஃபார்ம் பெல்ட் காணாமல் போய், அதைத் தேடியதில் ஸ்கூல் வேனும் போய்விட்டது. அன்றைக்குக் கணக்குப் பரீட்சை. நைட் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்த மாமா, காபிகூடக் குடிக்காமல் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டார். ஹெல்மெட் இருந்தது. ஆனால் தலையில் இல்லை, வண்டிக் கண்ணாடியில் தொங்கியது. எங்கள் பக்கத்துப் பாதி ஹெல்மெட்டுகளுக்கு அதுதான் இடம். போலீஸைக் கண்டதும் எடுத்து மாட்டிக்கொள்ளத் தோதாக இருக்கும். பெர்மனென்ட் ஆகப்போகிற மனுஷனுக்கு இந்தச் சாமர்த்தியம் எதற்கு என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நெடுஞ்சாலை சந்திப்பில் வண்டிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா ஹெல்மெட்டை எடுப்பதற்குள் ஒரு கான்ஸ்டபிள் குறுக்கே வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல், வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். முதலில் சாவி, பிறகுதான் விசாரணை, அதுதான் வழக்கம். மாமா இறங்கி, பாப்பாவுக்குப் பரீட்சை, விட்டுவிட்டு இதோ வந்துவிடுகிறேன் சார் என்று கெஞ்சிக்கொண்டே சாவிக்காகக் கையை நீட்டினார். நீட்டிய கை கான்ஸ்டபிளின் கையில் பட்டது. போலீஸ் மேலேயே கை வைக்கிறாயா என்று பின்னாலிருந்து இன்னொரு கான்ஸ்டபிள், இளவயது ஆள், ஓடிவந்து மாமாவின் தாடைக்குக் கீழே முழங்கையைக் கொடுத்து இறுக்கினார்.

கழுத்தை இறுக்கினால் யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? அந்தக் கையைப் பிடித்து இழுப்பார்கள். மாமாவும் இழுத்தார். திமிறுகிறான் என்று அவர் இன்னும் இறுக்கினார். மூச்சுக்குத் தவிப்பவனும் முரண்டு பிடிப்பவனும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். இன்றைக்கு நான் வகுப்புக்கு வகுப்பு தொண்டை வறளச் சொல்வது இதைத்தான். மாமா எப்படியோ, "சார், மூச்சு வுட முடியல சார்" என்றார். அந்த நிலையிலும் இரண்டு சார் போட்டார்.

"பேச்சு வருதுல்ல? மூச்சும் வரும்" என்றார் இளைய கான்ஸ்டபிள்.

தமிழில் பேச்சும் மூச்சும் ஜோடியாகவே வரும். பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான் என்கிறோம். ஒன்று இருந்தால் மற்றதும் இருந்தே தீரும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். சுற்றி நின்றவர்களும் நம்பினார்கள். கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்றது, ஆட்களை ஏற்றியது, ஜன்னலெல்லாம் முகங்களோடு புறப்பட்டுப் போயிற்று. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. நாலு சொல் சொல்லக் கொஞ்சம் காற்று போதும். கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் அந்த நேரத்தில் நசுங்கிக்கொண்டிருக்கும் என்பதற்கு யாரிடமும் ஜோடிச் சொல் இல்லை. நான் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மாமாவின் முழங்கால்கள் மடங்கின. அப்போதுதான் ஜீப்பிலிருந்து ஒரு வயதான எஸ்.ஐ. இறங்கி வந்து விடச் சொன்னார். மாமா ரோட்டு நடுவிலிருந்த தடுப்புக் கட்டை மேல் உட்கார்ந்து இருமினார். கண்கள் சிவந்திருந்தன. எஸ்.ஐ. தண்ணீர் கொடுத்தார், சாவியைக் கொடுத்தார், கேஸ் ஒன்றும் போடவில்லை, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒழுங்காகப் போ என்றார். மாமா எழுந்து அவரைக் கும்பிட்டு நன்றி சொன்னார். நன்றி! இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஸ்கூல் வாசலில் என்னை இறக்கிவிட்டுக் கரகரத்த குரலில் மாமா சொன்னார்: "பாப்பா, இத்தப் பத்தி யாராண்டயும் மூச்சு வுடக் கூடாது. கேஸு கீஸுன்னு பேச்சு கெளம்பிச்சுன்னா மாமாவுக்கு வேல போயிடும்." நான் சத்தியம் செய்தேன்.

மறுநாள் மாமாவுக்கு இடது பக்கக் கழுத்திலும் தலையிலும் வலி. குரலும் கம்மிப்போயிருந்தது. நைட் ஷிஃப்டில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருப்பான், சுளுக்கு என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள். மாமாவும் அதையே பிடித்துக்கொண்டார். டாக்டரிடம் போனால் எப்படி ஆயிற்று என்று கேட்பார். சுளுக்குக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

தவிர, சுளுக்குக்கு எங்கள் வீட்டிலேயே வைத்தியர் உண்டு. நான்தான். நான் பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் நம்பிக்கை. தெருவில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் எனக்கு ஆள் வரும். நானும் கொஞ்சம் அலட்டிக்கொண்டே போவேன். கடலை மிட்டாய் கிடைக்கும்.

அம்மா மாமாவைப் பாயில் படுக்க வைத்து, எண்ணெயைச் சூடாக்கித் தடவி, "நரம்பு பெரண்டுக்கினு கீது, நல்லா அழுத்தி நீவுடி" என்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் மாமாவின் கழுத்தை மேலிருந்து கீழாக நீவினேன். காலையிலும் சாயங்காலமுமாக மூன்று நாள். அந்தக் கை இறுக்கிய அதே இடம் என்று தெரிந்துதான் செய்தேன். போலீஸ் கெடுத்ததை நான் சரிசெய்கிறேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

நாலாம் நாள் காலை அம்மா நீட்டிய காபி டம்ளரை மாமா வாங்கினார். அது வலது கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார், ஒரு சொல்லும் வரவில்லை. மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பேச்சுதான் போயிருந்தது.

என்னைத் தனியாக விட முடியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு பெண் டாக்டர், இந்த வயதில் இப்படிப் பக்கவாதம் வருவது சாதாரணமில்லை, எங்கேயாவது விழுந்தாரா, கழுத்தில் அடி பட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றுமில்லை, வெறும் சுளுக்கு என்றாள் அம்மா. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டாக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. என் பக்கம் குனிந்தார்.

"பயப்படாம சொல்லும்மா. மாமா கழுத்துல யாராவது கை வெச்சாங்களா?"

உள்ளதைச் சொன்னால் கேஸ் வரும், மாமாவின் வேலை போகும். பொய் சொன்னால் டாக்டருக்குத் தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு வழி கிடைத்தது.

"கை வெக்கல டாக்டர். நான்தான் கால் வெச்சேன்."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கூசிக்கொண்டே கால் முன்னால் வந்த கதையைச் சொன்னாள். அதற்குப் பிறகு டாக்டர் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. அம்மா என் முதுகில் ஓர் அறை வைத்துவிட்டு, என்னைவிடப் பெரிதாக அழுதாள். டாக்டர் ஃபைலில் எழுதிக்கொண்டார். அதோடு கேள்வி முடிந்துவிட்டது. கை வைத்தவரைப் பற்றி அதன் பிறகு யாரும் எங்கேயும் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து இந்தத் தொழிலுக்குப் படிக்கும்போது, அந்த ஃபைலைத் தேடி எடுத்துப் படித்தேன். கழுத்து ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, அது மூளைக்குப் போய் அடைத்திருக்கிறது. காரணம் என்ற இடத்தில் என் கால் இருக்கிறது. கிழித்தது அந்தக் கையா, என் காலா, கை கிழித்ததைக் கால் பெரிதாக்கியதா என்று தெரிந்த டாக்டர்களையெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது யாராலும் சொல்ல முடியாது என்கிறார்கள். வலி நான் கால் வைப்பதற்கு முன்பே வந்துவிட்டது என்பதை மட்டும் அவர்களிடம் அழுத்திச் சொல்லுவேன். மாமாவிடமும் சொன்னேன். அவருக்கு வலது கை திரும்ப வரவேயில்லை. பேச்சில் இப்போது பத்துப் பதினைந்து சொற்கள் வரும். அதில் ஒன்று "வுடு". அதைத்தான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அன்றைக்கு அறை வாங்கிய பிறகு, வார்டுக்கு வெளியே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முதுகு எரிந்தது. ஆனாலும் மனசு லேசாகத்தான் இருந்தது. திட்டு என்னோடு போயிற்று, மாமா பெயரில் கேஸ் இல்லை, ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அடுத்த வாரம் பெர்மனென்ட் ஆகிவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி லைனில் நின்று ஸ்குரூ முடுக்க எந்தக் கை வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.